அத்தானின் மும்முனைப் போட்டி

எங்கள் அக்கா வீட்டுக்காரர் அருளானந்தத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவற மாட்டார். அவ்வளவுதான், தீர்ந்துபோயிற்று. மீதியெல்லாம் சவடால். குடிகாரப் புருஷன் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். சவடால் புருஷனைப் பற்றி யாரிடம் போய் அழுவது? ஊர் அவரைக் கேட்டு ரசிக்கும், சிரிக்கும், வீட்டுக்குப் போய்விடும். கூட இருக்கிறவர்களுக்குத்தான் அந்த இம்சை தெரியும்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் அவருக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. 'சாம்பியன் சைக்கிள் மார்ட்' என்று பெரிய எழுத்தில் பலகை. புது சைக்கிள் விற்பனை, வாடகை சைக்கிள், பழுது பார்த்தல் மூன்றும் உண்டு. பஞ்சர் ஒட்டுவது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, கழற்றுவது, மாட்டுவது எல்லாம் கடையில் வேலை பார்த்த சோணை. அத்தானின் வேலை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தான் சாம்பியன் ஆன கதையைச் சொல்வது. காற்றடிக்க வந்தவன்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும்.

கதை இதுதான். எழுபதுகளில், வாலிபத்தில், அவர் ஊர் ஊராகப் போய் மைதானத்தில் சைக்கிள் சுற்றினவர். இரவு பகலாக, கால் தரையில் படாமல், ஒரே வட்டத்தில் சுற்ற வேண்டும். குளிப்பதும் சாப்பிடுவதும் சைக்கிள் மேலேயே. நடுநடுவே நெஞ்சில் டியூப் லைட்டை உடைத்துக்கொள்வார். ஒலிபெருக்கி அலறும், ஜனங்கள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார்கள். கல்லல் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பொட்டலில் அவர் ஒரு வாரம் சுற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் அப்பா அக்காவைக் கொடுத்தார். எடுத்த காரியத்தில் நிலையாக நிற்கிற பையன் என்றாராம். எங்கே நின்றான், சுற்றிக்கொண்டல்லவா இருந்தான் என்று கேட்க எனக்கு அப்போது வயது போதாது. விவசாயம் பார்த்த மனிதர், மாட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பார். மாப்பிள்ளை விஷயத்தில் ஏமாந்துவிட்டார்.

அக்கா ஞானபூரணி கல்லலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அரசாங்கப் பள்ளி ஆசிரியை. விடிந்ததும் சமைத்து வைத்துவிட்டுப் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். வீட்டு வாடகை, அரிசி, பருப்பு, மதுரையில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் பெல்சியின் படிப்பு, எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். ஆளுக்கு ஆள் மொபெட் வாங்கத் தொடங்கிவிட்ட காலம். கடை வருமானம் கடைக்கே காணாது. ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் அத்தான், "அவ சும்மா பொழுதுபோக்குக்கு வேலைக்குப் போறா" என்பார். அக்கா காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்குத்தான் அந்தக் காபியை அவர் தலையில் ஊற்றலாமா என்று வரும்.

நான் ஆரோக்கிய ஷீலா, அவள் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தானைப் பார்த்த பிறகு அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் முழுப் பொய் ஆகாது. காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டு அக்காவோடுதான் இருந்தேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம் என்று நினைக்கிறேன். சோணை கை துடைப்பதற்காகப் பழைய பேப்பர்க் கடையிலிருந்து வாங்கி வந்த கட்டுக்குள் ஓர் ஆங்கில விளையாட்டுப் பத்திரிகை இருந்தது. அதில் ஜட்டியோடு ஒரு வெள்ளைக்காரன் சைக்கிள் ஓட்டுகிற படம். அத்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் பாவம், படித்துச் சொன்னாள். முதலில் நீந்த வேண்டும், கரையேறின கையோடு சைக்கிள் ஓட்ட வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், மூன்றையும் இடைவெளி இல்லாமல் முடிக்கிறவன் ஜெயித்தவன், பேர் டிரையத்லான். அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். தமிழ்நாட்டிலேயே முதல் முறையாக இதைக் காரைக்குடியில் நடத்தப்போவதாகச் சொன்னார். தமிழ்நாட்டில் அதற்கு முன் நடந்ததா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்த தமிழ்நாடு செக்காலையிலிருந்து அமராவதிபுதூர் வரைக்கும்தான்.

அதற்குத் தமிழில் பேர் வைத்ததில்தான் வந்தது வினை. நீர், சக்கரம், கால் என்று மூன்று முனை இருப்பதால் 'மும்முனைப் போட்டி' என்றார். அத்தான், அது தேர்தலில் மூன்று கட்சி மோதுவதற்குச் சொல்கிற வார்த்தை, வேறு பேர் வையுங்கள் என்று சொன்னேன். பத்துப் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்திவிட்டால் தமிழ் உனக்கே எழுதி வைத்ததா என்று கேட்டார். மூன்று முனை இருக்கிறதா இல்லையா, அதற்குப் பதில் சொல் என்றார். முட்டாளோடு வாதாடினால் நமக்குத்தான் தலைவலி.

ஆவணி பிறந்தபோது சுவரொட்டி அச்சடிக்கக் கொடுத்தார். அப்போதுதான் உள்ளாட்சித் தேர்தலும் அறிவித்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் நடக்காமலிருந்த தேர்தல், ஊரே அதே பேச்சாக இருந்தது. அச்சாபீஸ்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. அத்தான் கொடுத்தது ஒரு பாஸ்போர்ட் அளவுப் போட்டோவும், ஒரு சைக்கிள் படமும், ரெண்டு வரியும். அச்சாபீஸ்காரர் அந்தத் தலையைத் தேர்தல் வேலைக்கென்று தயாராக வைத்திருந்த கும்பிட்ட கை உடம்பின் மேல் ஒட்டி அடித்துத் தந்துவிட்டார். 'செக்காலையில் மாபெரும் மும்முனைப் போட்டி. உங்கள் அருளானந்தம். ஆதரவு தாரீர்.' பக்கத்தில் பெரிதாகச் சைக்கிள். அந்த வருஷம்தான் ஒரு புதுக் கட்சி சைக்கிள் சின்னத்தில் நின்று ஜெயித்திருந்தது. காரைக்குடியில் சைக்கிள் படத்தைப் பார்த்தால் யாருக்கும் சைக்கிள் ஞாபகம் வராத நேரம்.

வெள்ளைக்காரன் விளையாட்டு யாருக்குத் தெரியும்? எங்கள் வார்டில் அருளானந்தம் தேர்தலில் இறங்குகிறார் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பூசை முடிந்து வந்தால் கை குலுக்கினார்கள். டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்கள். நல்லா வரணும், ஜெயிக்கணும் என்றார்கள். அத்தான் தன் விளையாட்டுப் போட்டிக்கு ஊரில் இவ்வளவு எழுச்சி இருக்கிறதே என்று பூரித்துப்போனார்.

ஒரு நாள் சாயங்காலம் என் சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்றக் கடைக்குப் போயிருந்தபோது மருதுபாண்டி வந்தார். செங்கல் வியாபாரம், வார்டில் செல்வாக்கான ஆள். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதால் மனைவி ஈஸ்வரியை நிறுத்துவதாக இருந்தார். எதிர்த் தரப்பிலும் ஓர் அம்மாள் தயாராகிக்கொண்டிருந்தார். வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, எறங்குறதா முடிவே பண்ணிட்டீகளா?"

"எறங்காம?" என்றார் அத்தான். "மொதல்ல தண்ணியிலதான் எறங்குறேன்."

மருதுபாண்டிக்கு முகம் மாறிவிட்டது. வார்டில் ஆறு மாதமாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பழைய நகராட்சி ஆட்களோடு நெருக்கமாக இருந்தவர் என்று அவர் பேரில்தான் ஜனங்களுக்குக் கோபம்.

"தண்ணியக் கையில எடுத்துட்டீகளா?"

"தண்ணி முடிஞ்ச கையோட ரோடு. பள்ளத்தூர் வரைக்கும் ரோட்டுலதான். கடைசியில ஓட்டம்."

"ஓட்டு கடைசியிலதான். அது தெரியுது. எத்தனை பேரு ஒங்க பக்கம் இருக்காக?"

"வெளியூர்லருந்தெல்லாம் பேரு குடுத்திருக்காக. நாச்சியாபுரத்துலருந்து வாராக."

"நம்ம வார்டுக்கு வெளியூர் ஆளுக எதுக்குண்ணே?" என்றார் மருதுபாண்டி. குரலில் பயம் இருந்தது. "நமக்குள்ள பேசிக்கலாம். வீட்டுல டீச்சரம்மாவைத்தானே நிறுத்துறீக? அவுக நின்னா ஈஸ்வரிக்குக் கஷ்டம்தான், நான் ஒத்துக்கிறேன். வாபஸ் வாங்கிருங்க, ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சைக்கிள் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அத்தான் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஊர் தன்னை என்னவாக நினைக்கிறது என்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. இன்னொரு மனுஷனாக இருந்தால் ஐயையோ, தப்பாக அச்சடித்துவிட்டேன் என்று சொல்லியிருப்பான். இவர் காலைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டு, "பாப்போம்" என்றார். ஒருவன் தன் முன்னால் கெஞ்சுவதை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறார். விட மனசு வருமா?

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். வேலையை விட்டுவிட்டு அக்கா தேர்தலில் நிற்க வேண்டும். அரசாங்க ஆசிரியை வேலையில் இருந்துகொண்டு மனுத் தாக்கல் செய்ய முடியாது என்பதை எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்து என்ன கண்டாய், கவுன்சிலர் ஆனால் நகராட்சிக்கே போகலாம், நீ பேருக்கு இருந்தால் போதும், கூட்டத்துக்குப் போவது, பேசுவது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். பெல்சிக்குப் படிப்பு முடியவில்லையே என்று மட்டும் சொன்னாள். கவுன்சிலர் மகளை எந்தக் காலேஜ் வெளியே அனுப்பும் என்றார் அத்தான்.

"யோசிக்கணும்" என்றாள் அக்கா.

அவள் யோசிக்கணும் என்றால் முடியாது என்று அர்த்தம். இருபது வருஷம் குடும்பம் நடத்தினவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள இஷ்டமில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மும்முனைப் போட்டி, அங்கேயே மேடையில் வேட்பாளர் அறிவிப்பு, மறுநாள் மனுத் தாக்கல். இப்போது போட்டியும் தேர்தலும் ஒன்றாகிவிட்டதால் சுவரொட்டியில் ஒரு தப்பும் இல்லை என்று என்னிடம் வந்து சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

நீச்சலுக்கு முதலில் அவர் குறித்த இடம் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த ஊருணி. குடிதண்ணீர் ஊருணியில் எவனாவது கால் வைப்பானா? எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூட அதில் கை கழுவாது. குடத்தோடு வந்த பெண்கள் கடை வாசலில் நின்று நன்றாக நாலு கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அமராவதிபுதூர் அருகில் ஒரு கண்மாய்க்கு மாற்றினார். புரட்டாசி தொடக்கம், மழை இன்னும் பிடிக்கவில்லை. கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீரும் முழங்கால் சேறும்தான் கிடந்தது. கரையோரம் மட்டும் கோடையில் வண்டல் அள்ளிய பள்ளங்களில் ஆழம் இருந்தது.

அந்த வாரம்தான் அவர் செய்ததிலேயே கேவலமான காரியத்தைச் செய்தார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறி அவள் பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கிறார். அவள் அன்று பயிற்சி வகுப்புக்காகச் சிவகங்கை போயிருந்தாள். ஹெட்மாஸ்டரிடம் உட்கார்ந்து, டீச்சர் வேலையை விடுகிறாள், தேர்தலில் நிற்கிறாள், தானே சொல்லச் சங்கடப்பட்டு என்னை அனுப்பினாள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்திருக்கிறார். ரெண்டு நாள் கழித்து அவளோடு வேலை பார்க்கிற அழகி டீச்சர் கண் கலங்க, இத்தனை வருஷம் கூட இருந்தவளிடம் நீ சொல்லக் கூடாதா என்று கேட்டபோதுதான் அக்காவுக்கு விஷயமே தெரிந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து திங்கட்கிழமை வழியனுப்பு விழா வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்களாம்.

அன்று வீட்டுக்கு வந்தவள் முகத்தைக் கழுவிவிட்டுக் காலாண்டுத் தேர்வுத் தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்த உட்கார்ந்தாள். நான்தான் கொதித்தேன். நாளைக்கே போய் அவர் சொன்னதெல்லாம் பொய் என்று ஹெட்மாஸ்டரிடம் சொல் என்றேன். அவள் தாளிலிருந்து நிமிரவில்லை.

"எம் புருசன் பொய் சொல்லிட்டுப் போனாருன்னு நானே போயி எப்பிடிடி சொல்றது?" என்றாள். அடுத்த தாளை எடுத்துக்கொண்டு, "பெல்சிக்கு இன்னும் ஒன்றரை வருசம் இருக்கு" என்றாள்.

அப்போது அவள் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஒரு வெட்டி மனுஷனின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக மகள் படிப்பையும் சொந்தச் சோற்றையும் பறிகொடுத்துவிடுவாள் போலிருந்தது. திங்கட்கிழமை மனுக் கொடுக்கிற இடத்தில் அவர் பிடித்து நிறுத்தினால் இவள் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு லாரியில் வார்டு ஜனங்களை ஏற்றிக் கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோனார். பந்தல், மைக் செட், பாட்டு எல்லாம் இருந்தது. பேர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் தண்ணீரைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். மருதுபாண்டியும் வந்து ஒரு புளிய மரத்தடியில் நின்றார். அக்கா வேண்டாவெறுப்பாகத்தான் வந்தாள். மேடைக்குக் கூப்பிட்டும் போகாமல் கரையிலேயே நின்றுகொண்டாள்.

அத்தான் கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையுமாக மேடையேறினார். பனியனில் முன்னும் பின்னும் சாம்பியன் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. வயிறு அந்த எழுத்தை நன்றாக விரித்துக் காட்டியது. முதலில் தானே நீந்திப் போட்டியைத் தொடங்கி வைப்பதாக அறிவித்தார். அவருக்கு நீச்சல் தெரியுமா என்று நான் அக்காவைக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்றாள். இடுப்பளவுத் தண்ணீர்தானே, நாலு எட்டு நடந்தாலே நீந்தின மாதிரி இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். ஜனங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கரையிலிருந்து குதித்தார். குதித்தது வண்டல் அள்ளின பள்ளத்தில்.

முதல் தடவை தலை மேலே வந்தபோது கை தட்டினார்கள். ரெண்டாம் தடவை கை மட்டும் வந்தது, கும்பிடுகிறார் என்று நினைத்து அதற்கும் தட்டினார்கள். மைக் செட்காரர் பாட்டை மாற்றிப் போட்டார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, சாம்பியன் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்றுதான் நினைத்தார்கள். எனக்கு விளங்கியது, ஆனால் நீந்தத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அக்கா இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தாள். கிணற்றடியில் வளர்ந்தவள், நாலு வீச்சில் போய்ச் சேர்ந்தாள். பனியனின் பின்கழுத்தைப் பிடித்தாள், இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டாள். வாத்தியார் சேட்டைக்காரப் பையனை வகுப்புக்கு வெளியே கொண்டுவந்து விடுகிற மாதிரிதான் இருந்தது.

ஜனங்கள் அப்போதுதான் மூச்சுவிட்டார்கள். பிறகு அவர்கள் போட்ட சத்தம் கண்மாய் முழுக்கக் கேட்டது. பெண்கள் ஓடிவந்து அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள், ஒருத்தி தன் துண்டால் தலை துவட்டிவிட்டாள். மருதுபாண்டி புளிய மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இனி ஈஸ்வரிக்கு ஓட்டு விழாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கும் அதே பயம்தான். அவள் தோற்றாலாவது வெட்கத்தில் அத்தான் அடங்குவார். இப்போது நின்றால் ஜெயித்துத் தொலைப்பாள். ஜெயித்தால் வேலை போனது போனதுதான், இவர் நகராட்சியில் போய் உட்கார்ந்து அவள் பேரில் கூத்தடிப்பார்.

அத்தான் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி முடித்தார். உயிர் பிழைத்தவன் என்ன செய்வான்? மாதாவை நினைப்பான், பெண்டாட்டி முகத்தையாவது பார்ப்பான். இவர் தலையில் பாசியோடு நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீகளா? புருசனைக் காப்பாத்துனவ வார்டைக் காப்பாத்த மாட்டாளா? இதைக் காட்டத்தான் நான் குதிச்சேன். ஒங்க வேட்பாளர், ஞானபூரணி டீச்சர்."

கைதட்டல் அடங்கவில்லை. நாலு பேர் அக்காவைத் தள்ளாத குறையாக மேடையில் ஏற்றிவிட்டார்கள். புடவையிலிருந்து சேறு சொட்டச் சொட்ட அவள் ஏறினாள். அத்தான் பல்லைக் காட்டிக்கொண்டு மைக்கை நீட்டினார். வணக்கம் மட்டும் சொல் போதும், மீதியை நான் சொல்கிறேன் என்று அவர் முணுமுணுத்தது ஒலிபெருக்கியில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அக்கா மைக்கை வாங்கிக்கொண்டாள். வகுப்பில் பேசுகிற குரலில், கத்தாமல், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"நான் மூணாங்கிளாஸ் டீச்சர். நாளைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நான் வேலையை விடலை, விடுறதா யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. எங்க ஹெட்மாஸ்டர்கிட்ட யாரும் சொல்லியிருந்தா அது பொய். நான் நிக்கல."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். மைக் அவள் கையில்தான் இருந்தது.

"நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மேடையில் நாற்காலி இருந்தும் அதைத் தேடாமல், நின்ற இடத்திலேயே பலகையில் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குரலுக்குக் கூட்டத்திலேயே ரெண்டு மூன்று பேர் உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்தேன்.

போட்டியும் ஒரு வழியாக நடந்தது. நாச்சியாபுரத்துப் பால்காரர் கோட்டைச்சாமி சேற்றில் நடந்து, சைக்கிள் ஓட்டி, செருப்பில்லாமல் ஓடி ஜெயித்தார். பரிசுக் கோப்பையைச் சோணைதான் எடுத்துக் கொடுத்தார். தேர்தலில் ஈஸ்வரி ஜெயித்தார். அடுத்த வருஷக் கோடையில் குழாயில் தண்ணீர் வந்தது, அது அவர் செய்ததா தானாக வந்ததா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அக்கா வழக்கமான பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். கண்மாய்ச் செய்தி அவளுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஹெட்மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை, வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாராம். வழியனுப்புக்கென்று வாங்கி எழுத்தும் எழுதிவிட்ட சுவர்க் கடிகாரத்தை என்ன செய்வது என்றுதான் அவர்களுக்குச் சங்கடம். கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டான். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அக்கா வாங்கி வந்தாள்.

வீட்டில் வைத்து, அதில் தன் பேர் எழுதியிருந்த வரியை மட்டும் சுரண்டி எடுத்தாள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். சோணையிடம் இனிமேல் சாவியும் கல்லாவும் உங்களிடம்தான், சாயங்காலம் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். அத்தான் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, அவர் நாற்காலிக்கு நேர் மேலே ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டினாள். அதில் மிச்சமிருந்தது, 'பணி நிறைவு. அன்புடன், ஆசிரியர்கள்' என்பது மட்டும்தான்.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு எழுதுகிற வார்த்தை. பள்ளிக்கூடப் பியூனுக்குக்கூடத் தெரியும். அத்தான் எழுந்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. காற்றடிக்க வந்து நின்ற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தீகளா? பணியை நெறைவா செஞ்சிருக்கேன்னு டீச்சர்மாரு எழுதிக் குடுத்து விட்டிருக்காக. போட்டி அப்படிப் பேசப்பட்டிருக்கு கல்லல் பக்கம்."

தமிழ் நடத்துகிறவளால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? வாயைத் திறந்தேன். அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு ஷீலா. அவரு படிக்கிறதுக்கா மாட்டுனேன்? நான் பாத்துக்கிறதுக்கு."